காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடுதல்: குவாத்தமாலாவில் குடும்பத்துடன் சேர்ந்து செய்ய வேண்டியவை, செய்ய வேண்டிய வரிசையில்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பெரும்பாலும் இராணுவ ஆட்சியாளர்களின் கையால் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 45,000 பேர். அவர்களில் ஒருவரைத் தேடும் குடும்பத்துக்குத் துணையாகச் செல்பவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். குடும்பங்களின் கோப்புகளைத் தயாரிக்கும் பணியில் இருந்தபோது, நல்ல மனத்துடன் வந்த பலர் வரிசை தவறியதாலேயே மாதக்கணக்கில் அலைந்ததைக் கண்டேன். தமிழில் இதை வாசிப்பவர்களில் தம் வீட்டிலேயே ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள். சட்டங்களும் அலுவலகங்களும் நாட்டுக்கு நாடு மாறினாலும், இந்த வரிசை அவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1996 டிசம்பரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. ஆயினும் அதிகாரத்தில் இருந்தவர்கள் பலர் அதிகாரத்தை விட்டுப் போகவில்லை. இராணுவத் தளபதியாக இருந்து குடியரசுத் தலைவரான ஓட்டோ பெரெஸ் மோலினா, சுங்க வரி மோசடி வெளிப்பட்டதால் 2015-இல் பதவி விலகி, 2022-இல் தண்டிக்கப்பட்டார். அந்த மோசடியை வெளிக்கொணர்ந்த, ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய விசாரணை ஆணையமோ 2019-இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே, உங்களுக்கு உதவும் நல்ல அதிகாரி நாளையே இடம் மாற்றப்பட்டாலும் அறுந்து போகாதபடி ஒவ்வொரு படியையும் அமைக்க வேண்டும்.

1. எல்லாவற்றுக்கும் முன்பாக மரபணு மாதிரி

புதிதாக வருபவர்கள் நேரே காவல்துறை ஆவணக் காப்பகத்துக்குச் சென்று பெயரைத் தேடத் தொடங்குகிறார்கள். அது ஐந்தாவது படி. காகிதம் காத்திருக்கும், எண்பது வயதுத் தாய் காத்திருக்க மாட்டார். அவர் இறந்துவிட்டால், நாளை எலும்பு கிடைத்தாலும் அது யாருடையது என்று சொல்வதற்கான மிக வலுவான ஆதாரம் அவருடனேயே போய்விடும்.

புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளை அகழ்ந்தெடுத்து அடையாளம் காணும் குவாத்தமாலா தடயவியல் மானுடவியல் அறக்கட்டளை தனக்கென ஓர் ஆய்வகத்தை வைத்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அதற்காகக் குடும்பம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது கேட்டால் அவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

யாரிடம் எடுப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கூட்டத்துக்கு வந்த ஒரு சகோதரரிடம் மட்டும் எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கருதிவிடுகிறார்கள். தந்தை, தாய் இருவரும் இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. இல்லையென்றால் காணாமல் போனவரின் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் மற்றைப் பெற்றோர், உடன்பிறந்தோர் அனைவர், தாய்வழி உறவினர், தந்தைவழி ஆண் உறவினர் எனப் பலரிடமும் எடுக்க வேண்டும். ஒரே கிராமத்துக்குள் திருமண உறவு நெருக்கமாக இருக்கும் மாயா பழங்குடிச் சமூகங்களில், ஒரே படுகொலையில் சகோதரர்களும் அவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சேர்ந்து புதைக்கப்பட்டிருக்கலாம். அங்கே ஒருவரின் மாதிரியை மட்டும் கொண்டு இன்னார் என்று பிரித்துச் சொல்ல இயலாது.

மாதிரி எடுக்கும் நாளில் உறவுமுறையைத் தனியறையில் கேளுங்கள். தத்தெடுப்பு, இரண்டாம் மணம், வேறு தந்தை போன்ற செய்திகளைக் கூட்டத்தின் நடுவே எவரும் சொல்ல மாட்டார்கள். தவறாகப் பதிந்த உறவுமுறை, சரியான எலும்பையும் பொருந்தாததாகக் காட்டிவிடும்.

2. உடலைப் பற்றிய கோப்பு

தேடப்படுபவரின் உயரம், எந்தக் கைப்பழக்கம், முறிந்து கூடிய எலும்பு, விழுந்த பல், தங்கம் கட்டிய பல், கருவுற்றிருந்தாரா, கடைசியாக உடுத்திய உடை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். "எவ்வளவு உயரம்" என்று கேட்டால் விடை கிடைக்காது. "இந்தக் கதவருகே நின்றால் தலை எங்கே வரும்" என்று கேட்டால் கை தானாக உயரும். அந்த இடத்தை அளந்து எழுதுங்கள்.

உடையைப் பற்றி நிதானமாகக் கேளுங்கள். மலைப்பகுதிப் பெண்கள் அணியும் நெய்த மேற்சட்டையின் கோலம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே, துணியின் ஒரு துண்டே ஊரைக் காட்டிவிடக்கூடும். ஒரு முதிய தாய், மகனின் இடைப்பட்டியைப் பற்றிக் கேட்டபோது பேசாமல் எழுந்து உள்ளே சென்று, மீதமிருந்த நூற்கண்டைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். பட்டியின் ஓரம் கிழிந்தபோது அதே நிறத்தில் நூல் கிடைக்காமல், சற்றுக் கருத்த நூலால் விரற்கடை நீளத்துக்குத் தைத்திருந்தாராம். படிவத்தில் "இடைப்பட்டி, சிவப்பு" என்று மட்டுமே முன்பு எழுதப்பட்டிருந்தது. எங்கள் கோப்பில் அந்தக் கருத்த நூலின் துண்டை உறையிலிட்டு ஒட்டி வைத்தோம்.

நிழற்படங்களின் மூலப் பிரதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்து, படத்தின் பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மூலத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. ஒருவருக்குரிய எல்லாப் பெயர்களும்

ஒரு மனிதருக்கு ஒரு பெயர்தான் என்று எண்ணுவது இத்தேடலில் மிகப் பெரிய தடை. முழுப்பெயரில் தந்தைவழிக் குடும்பப் பெயர், தாய்வழிக் குடும்பப் பெயர் என இரண்டு இருக்கும். எழுத்தர் சோம்பலால் ஒன்றை விட்டிருப்பார். மாயா மொழிப் பெயர்களை ஸ்பானிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

தொழிற்சங்கத்திலோ மாணவர் அமைப்பிலோ தலைமறைவு இயக்கத்திலோ இருந்தவருக்குப் புனைபெயர் உண்டு. அது குடும்பத்துக்குத் தெரியாது. உடனிருந்த தோழருக்குத் தெரிந்த பெயரோ குடும்பம் கேள்விப்படாதது. இரு தரப்பினரையும் தனித்தனியே சந்தித்து, எல்லாப் பெயர்களையும் ஒரே தாளில் எழுதிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

பழைய அடையாள அட்டையின் பதிவெண் கிடைத்தால் அது பெயரைவிட உறுதியான பிடி. அட்டை இல்லையென்றால் நகராட்சிப் பதிவேட்டில் தேட வேண்டும். ஆனால் போரில் பல நகராட்சிகளின் பதிவேடுகள் எரிந்துவிட்டன. அத்தகைய ஊரில் ஞானஸ்நானப் பதிவேடு உதவும் என்பதால் தேவாலயத்துக்குச் செல்லுங்கள்.

4. கடைசி நாளைக் கட்டியெழுப்புதல்

கடத்தப்பட்ட நாள், மணி, இடம், வந்தவர்களின் எண்ணிக்கை, உடை, வாகனத்தின் நிறம், போன திசை ஆகியவற்றை எழுதுங்கள். நாள் மறந்துபோனவர்களிடம் தேதியைக் கேட்காமல், சோளம் விதைத்த பிறகா, ஊர்த் திருவிழாவுக்கு முன்பா, அன்று சந்தை நாளா என்று கேளுங்கள். கிழமை கிடைத்துவிட்டால் தேதியை நெருங்கிவிடலாம்.

கண்ணால் கண்டது, காதால் கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றையும் மூன்று தனிப் பத்திகளாக எழுத வேண்டும். இதைச் செய்யாத கோப்புகளில், "இராணுவ முகாமுக்குக் கொண்டு போயிருப்பார்கள்" என்று எவரோ சொன்னது இரண்டு பிரதிகள் தாண்டியதும் "முகாமுக்குக் கொண்டு போனார்கள்" என்று மாறியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அந்த வரியில்தான்.

சாட்சியின் பெயரைக் கோப்புக்குள் எழுதாதீர்கள். ஓர் எண்ணைக் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வேறு இடத்தில் வையுங்கள். அன்று இராணுவம் ஊர்மக்களைக் கொண்டு அமைத்த ஊர்க்காவல் படையை நடத்தியவர் இன்று அதே ஊரில் செல்வாக்குடன் இருப்பது அரிதன்று.

5. காவல்துறைக் காப்பகம்: பெயரையன்று, நாளையும் இடத்தையும் தேடுங்கள்

2005 ஜூலையில் தலைநகரில் மனித உரிமை அலுவலகத்தினர் வெடிபொருட்கள் தொடர்பான ஒரு புகாரை ஆய்வு செய்யச் சென்றபோது, கலைக்கப்பட்ட தேசியக் காவல்துறையின் காகிதங்கள் பாழடைந்த கட்டடத்தில் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். அவை ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள்.

இங்கே பெயரை மட்டும் தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்புவார். கடத்தியவர்கள் கடத்தப்பட்டவரின் பெயரை எழுதுவதைத் தவிர்த்தார்கள். ஆனால் தங்கள் பணிநேரத்தையும் வாகனத்தையும் பாராட்டையும் எழுதாமல் இருக்கவில்லை. அலுவலகம் என்பது தன்னைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம். ஆகவே, நான்காம் படியில் கிடைத்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம், அந்தப் பகுதியைச் சேர்ந்த காவல் பிரிவின் அன்றாட நிகழ்வுப் பதிவு, வாகனப் பதிவு, பணிப் பட்டியல், விருதுப் பரிந்துரை ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படியுங்கள்.

1984 பிப்ரவரி 18 அன்று தலைநகரில் கடத்தப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எட்கர் ஃபெர்னாண்டோ கார்சியாவின் வழக்கு இப்படித்தான் நகர்ந்தது. அந்த நாளில் அந்த இடத்தில் நடந்த நடவடிக்கைக்காகக் காவலர்களுக்கு விருது கேட்டு மேலதிகாரிகள் எழுதிய காகிதம் காப்பகத்தில் இருந்தது. 2010 அக்டோபரில் முன்னாள் காவலர் இருவருக்கு 40 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2013-இல் அன்றைய காவல்துறைத் தலைவரும் தண்டிக்கப்பட்டார். கார்சியாவின் உடல் கிடைக்கவில்லை என்பதையும் குடும்பங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காகிதம் குற்றவாளியைக் காட்டும். புதைத்த இடத்தைக் காட்டும் என்று உறுதி கூற முடியாது.

நேரில் செல்லும் முன் எண்மப் பிரதியைப் பாருங்கள். 2011 முதல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் இக்காப்பகத்தின் பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்திலும் ஒரு பிரதி பாதுகாக்கப்படுகிறது. பல ஆண்டுகள் காப்பகத்தை வழிநடத்திய இயக்குநர் 2018 ஆகஸ்டில் பதவியிலிருந்து அகற்றப்பட்ட பிறகு, நாட்டுக்கு வெளியே ஒரு பிரதி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் விளங்கியது. கண்ட ஒவ்வொரு பக்கத்தின் குறியீட்டு எண்ணையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத நகல், பின்னர் எவரும் சரிபார்க்க முடியாத வெறும் தாள்.

இதனுடன் "இராணுவ நாட்குறிப்பு" என்று அழைக்கப்படும், 1999-இல் வெளியான இராணுவ உளவுப் பிரிவின் இரகசிய ஆவணத்தையும் பாருங்கள். 1983 ஆகஸ்டு முதல் 1985 மார்ச் வரை பிடிக்கப்பட்ட 183 பேர் அதில் படத்துடன் பதியப்பட்டிருக்கிறார்கள். "300" என்ற எண் கொல்லப்பட்டதைக் குறிக்கும் சங்கேதம். குடும்பத்தினர் தாமாகப் பக்கத்தைப் புரட்டி அந்த எண்ணைக் காணும்படி ஒருபோதும் விடாதீர்கள். நீங்கள் முதலில் படித்து, அருகில் அமர்ந்து, சொல்லிய பிறகு காட்டுங்கள்.

6. பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்கள்

தெருவில் வீசப்பட்ட உடல்கள் பிணவறைக்குச் சென்று, பின்னர் "எக்ஸ் எக்ஸ்" என்ற குறியுடன் பொது இடுகாட்டில் புதைக்கப்பட்டன. தலைநகரின் லா வெர்பெனா இடுகாட்டில், புதைகுழிக்குரிய காலக்கெடு முடிந்தவர்களின் எலும்புகள் ஆழமான குழிகளில் கொட்டப்பட்டன. அவற்றை மேற்சொன்ன அறக்கட்டளை 2010 முதல் எடுத்து ஆராய்ந்தது.

பிணவறைப் பதிவு, இடுகாட்டுப் பதிவு, காவல்துறையின் கைரேகை அட்டை ஆகிய மூன்றையும் தேதிவாரியாக அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இல்லாத வயதோ உடையோ காயமோ மற்றொன்றில் இருக்கும். கடத்தப்பட்ட மறுநாளோடு நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட பிறகு கொல்லப்பட்டவர்கள் பலர்.

7. பணம் கேட்பவர்கள்

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் குடும்பங்கள் அதிகம் காயப்படுவது இங்கேதான்.

முதல் வகையினர் அலுவலகங்களில் இருப்பவர்கள். ஒரு பதிவேட்டைப் பார்ப்பதற்காக நான் ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை சென்றேன். ஒவ்வொரு முறையும் பதிவேடு "பக்கத்துக் கட்டடத்தில்" இருந்தது. எட்டாவது முறை எழுத்து மூலமான மனுவை இரு பிரதிகளாகக் கொண்டு சென்று, ஒன்றில் பெற்றதற்கான முத்திரையும் தேதியும் கேட்டேன். மறுவாரம் பதிவேடு மேசைக்கு வந்தது. வாய்மொழியாகக் கேட்பது இலஞ்சத்துக்கு வாசல் திறந்து வைப்பதற்குச் சமம். குவாத்தமாலாவின் 2008-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டம் பத்து வேலை நாட்களைக் கெடுவாக வைத்திருக்கிறது. மனித உரிமை மீறல்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவர உதவும் தகவலை இரகசியம் என்று மறைக்கக் கூடாது என்று அதன் 24-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் எண்ணை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இரண்டாம் வகையினர் இடம் காட்டுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்கள். ஒரு குடும்பம் மாட்டை விற்றுப் பணம் கொடுத்து, காட்டிய இடத்தில் தோண்டி, ஆட்டின் எலும்பைக் கண்டது. பணத்துக்காகச் சொல்லப்படும் இடம் உண்மையாகவே இருந்தாலும், பின்னர் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சியம் விலைக்கு வாங்கப்பட்டது என்று தள்ளப்படும். ஆகவே கொடுக்கவே கூடாது. அவர் சொல்வதை மட்டும் கேட்டு, எழுதி, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

மூன்றாம் வகையினர் இழப்பீட்டுத் தரகர்கள். படிவம் நிரப்பித் தருவதாகச் சொல்லிக் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பார்கள். சில வேளைகளில், காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்திட்டால் பணம் விரைவில் வரும் என்பார்கள். குடும்பம் எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்திடக் கூடாது. ஸ்பானியம் வாசிக்கத் தெரியாதவருக்குத் தாய்மொழியில் முழுவதும் வாசித்துச் சொல்லப்பட வேண்டும்.

கையூட்டுக் கொடுத்துவிட்ட குடும்பத்தைக் கடிந்துகொள்ளாதீர்கள். முப்பது ஆண்டுகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று எழுதிக் கோப்பில் சேருங்கள். அதுவும் ஒரு சான்று.

8. சட்டத்தின் கதவு

முதலில், கடத்தப்பட்ட காலத்தில் குடும்பம் ஆட்கொணர்வு மனு கொடுத்திருந்ததா என்று கேளுங்கள். அந்தப் பழைய மனு, நாளையும் இடத்தையும் அன்றே உறுதிப்படுத்திய ஆவணம் என்பதால் பிற்காலச் சாட்சியங்களைவிட மதிப்புடையது. கொடுக்கப்படவில்லையென்றால் இப்போது கொடுக்கலாம்.

அம்மனு பயன் தராதபோது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 467-ஆம் பிரிவின்படி சிறப்பு விசாரணை கேட்டு உச்ச நீதிமன்றத்தை நாடலாம். விசாரிக்கும் பொறுப்பை மனித உரிமை அலுவலகத்திடமோ ஓர் அமைப்பிடமோ குடும்பத்தினரிடமோ ஒப்படைக்க அது வழி செய்கிறது. செயலற்றுக் கிடக்கும் விசாரணை அலுவலகத்தைச் சுற்றிச் செல்ல இது ஒரு பாதை. 1996-ஆம் ஆண்டின் நல்லிணக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குதலுக்கு மன்னிப்பு அளிக்கவில்லை. "எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது" என்று சொல்லி மனுவை வாங்க மறுப்பவரிடம் இதை எடுத்துக் காட்டுங்கள்.

9. நிலம்

நீங்களாகத் தோண்டாதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் குடும்பங்களிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும். மண்வெட்டி கலைத்த மண் அடுக்கு மீண்டு வராது. எந்த எலும்பு எதனுடன் கிடந்தது, தோட்டா உடலுக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்பவை அந்த அடுக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அரசு வழக்கறிஞர் வழியாக விண்ணப்பித்து, நிபுணர்களின் கையால், குடும்பத்தின் கண்முன்னே அகழ்வு நடக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, இடத்தை அமைதியாகக் குறித்துக்கொள்வது. தாழ்ந்த மண், சுற்றிலும் இல்லாத செடி, முதியவர்கள் சொல்லும் மரம் ஆகியவற்றைப் படமெடுத்து, கைப்பேசியில் இடக்குறிப்பைச் சேமியுங்கள். கொடி நடுவதோ கல் அடுக்குவதோ வேண்டாம். அது எலும்புகளை அப்புறப்படுத்த விரும்புபவருக்கும் வழிகாட்டும்.

தேடும் வட்டத்தைச் சுருக்கிவிடுவது இங்கே நேரும் பெரும் பிழை. 1984 ஜனவரியில் தலைநகரில் கடத்தப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் அமான்சியோ சாமுவேல் வில்லாதோரோ, தலைநகருக்கு வெளியே சான் ஹுவான் கொமலாப்பாவில் இருந்த பழைய இராணுவ முகாமில் புதைக்கப்பட்டிருந்தார். அங்கே 2003 முதல் 2005 வரை 220 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் அவருடையவை 2011-இல்தான் மரபணுவால் அடையாளம் காணப்பட்டன. கோபான் நகரின் இராணுவத் தளத்திலும் 2012 முதல் 550-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. எனவே, ஊர்ப் பெயரைக் கொண்டு மட்டும் கேட்காமல், எல்லா இடத்து எச்சங்களுடனும் ஒப்பிடும்படி கேளுங்கள்.

10. பொருத்தம் கிடைத்த பின்னும் கிடைக்காதபோதும்

செய்தியைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது. ஆய்வகத்தார் நேரில், குடும்பத்தின் மொழியில், எலும்புகளை மேசையில் வரிசையாக வைத்து விளக்குவார்கள். எல்லா எலும்பும் இருக்காது என்பதை முன்னதாகவே சொல்லி வையுங்கள். அடக்கம் செய்வதற்கு முன் பதிவகத்தில் இறப்புப் பதிவை முடியுங்கள். நிலப்பத்திரம், மனைவியின் உரிமை, பிள்ளைகளின் குடும்பப் பெயர் என எல்லாம் அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருக்கும். அடக்கத்துக்குப் பிறகு அதற்காக அலைய எவருக்கும் மனம் இருக்காது.

பொருத்தம் கிடைக்கவில்லை என்றால் அது "இல்லை" என்று பொருள்படாது. மாதிரி ஆய்வகத்தின் மரபணு வங்கியில் இருக்கும்வரை, புதிதாக எடுக்கப்படும் ஒவ்வொரு எலும்புடனும் அது ஒப்பிடப்படும். ஆண்டுக்கொரு முறை முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருத்தம் கிடைத்தும் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்ற கோப்பு ஒன்றை என் கையால் திறந்திருக்கிறேன்.

கோப்பின் மூன்று பிரதிகளில் ஒன்று வீட்டிலும், ஒன்று குடும்பங்களின் அமைப்பிடமும், ஒன்று வேறு ஊரிலும் இருக்கட்டும். குடும்பத்தில் இளையவர் ஒருவரை அழைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவரிடம் வாசித்துக் காட்டி, அடுத்த மனுவை அவர் கையாலேயே எழுத வையுங்கள்.